மக்கள் கூடிப் படைக்கும் இசை, நடனத் திட்டம்: அனைவருக்கும் இடமளிக்கும்படி அமைப்பது எப்படி

குடியிருப்புப் பகுதியிலோ பள்ளியிலோ நூலகத்திலோ முதியோர் இல்லத்திலோ, இசையையும் நடனத்தையும் கொண்டு மக்களை ஒன்றுசேர்க்கும் திட்டமொன்றைத் தொடங்குவது அவ்வளவு கடினமன்று. தொடங்குவோர் வழக்கமாக யாரை அழைப்பது, எதைக் கற்றுத்தருவது, எப்போது மேடையேற்றுவது என்று யோசிக்கிறார்கள். உருவாகப்போகும் பாட்டிலும் ஆட்டத்திலும் யாருடைய முடிவுகள் இடம்பெறும் என்ற கேள்வி அநேகமாக எழுவதே இல்லை. வேறொருவர் முழுமையாக அமைத்து முடித்த நடனத்தில், சக்கர நாற்காலியில் இருப்பவரை ஓரத்தில் நிறுத்திக் கைகளை மட்டும் அசைக்கச் சொன்னால், அவர் மேடையில் இருக்கிறார், நடனத்தில் இல்லை. அவர் ஒருநாள் வராமற்போனாலும் அந்த நடனத்தில் எதுவும் மாறாது. ஒருவர் வந்ததால் படைப்பு வேறாக ஆகியிருக்கிறதா என்று பார்ப்பதே நம்பகமான சோதனை. கீழே சொல்லப்படும் ஏற்பாடுகள் யாவும் அந்தச் சோதனையை மனத்தில் வைத்தே சொல்லப்படுகின்றன.

மனிதர்களை விரைவில் நெருங்கச் செய்யும் ஆற்றல் இசைக்கு உண்டு. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, புதிதாகத் தொடங்கிய பாட்டு வகுப்புகளைக் கைவினை வகுப்புகளோடும் படைப்பெழுத்து வகுப்புகளோடும் ஏழு மாதங்கள் ஒப்பிட்டுப் பார்த்தது. தொடக்கத்தில் பாடியவர்களே வேகமாக நெருங்கினார்கள். ஆனால் ஏழு மாத முடிவில் எல்லா வகுப்பினரும் ஏறக்குறைய ஒரே அளவு நெருக்கம் கொண்டிருந்தார்கள். ஆகவே முதல் சில வாரங்களில் கூடத்தில் நிலவும் உற்சாகத்தைக் கண்டு திட்டம் வென்றுவிட்டதாக எண்ண வேண்டியதில்லை. அந்த உற்சாகத்தை இசை தானாகவே தந்துவிடுகிறது. அதற்குப் பின் நடப்பது அமைப்பாளரின் பொறுப்பு.

தொடங்கும் முன்

அறிவிப்பு எழுதுவதற்கு முன், அந்தப் பகுதியில் நடக்கும் கலை நிகழ்ச்சிகளுக்கு யார் வருவதில்லை என்று விசாரிக்க வேண்டும். காரணங்கள் ஆளுக்கு ஆள் மாறும். ஒருவருக்குப் படிக்கட்டு, ஒருவருக்கு இரவுப்பணி, மற்றொருவருக்கு வீட்டில் தனியே விட முடியாத நோயாளி. புதிதாகக் குடியேறியவருக்கு மொழி புரியாதோ என்ற தயக்கம். முன்பு எங்கோ 'உனக்குப் பாட வராது' என்று சொல்லி ஒதுக்கப்பட்டவருக்கு அந்த நினைவே தடை. 'அனைவரும் வருக' என்ற வாசகம் இவற்றில் எதையும் நீக்குவதில்லை. ஏற்கெனவே வரக்கூடியவர்களே அதைப் படித்துவிட்டு வருவார்கள். வராதவர்கள் நம்பும் ஒருவர் மூலமாக, அவர்கள் இருக்கும் இடத்துக்கே போய்ப் பேசுவது மெதுவான வழி என்றாலும் பலன் தரும் வழி. அப்படிச் சந்தித்தவர்களுள் மூன்று நான்கு பேரைத் திட்டமிடும் குழுவிலேயே சேர்த்துக்கொண்டு, அவர்கள் செலவிடும் நேரத்துக்கு ஊதியமும் கொடுக்க வேண்டும். அமர்வுகளை நடத்தும் வழிநடத்துநருக்குப் பணம், இவர்களுக்கு நன்றியுரை என்ற ஏற்பாடு முதல் நாளிலேயே யார் பெரியவர் என்பதைச் சொல்லிவிடும்.

நிதி கேட்டு விண்ணப்பம் எழுதுவோருக்கு ஒரு குறிப்பு. ஐக்கிய நாடுகள் அவை 2006இல் ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான உடன்படிக்கையின் 30ஆவது உறுப்பு, அவர்கள் தங்கள் படைப்பாற்றலையும் கலைத்திறனையும் அறிவாற்றலையும் தங்கள் நன்மைக்காக மட்டுமன்றிச் சமூகத்தின் வளத்துக்காகவும் வளர்த்துப் பயன்படுத்த வகைசெய்யும்படி அரசுகளைக் கேட்கிறது. குழந்தைகள் கலை வாழ்வில் முழுமையாகப் பங்குபெறும் உரிமையை 1989ஆம் ஆண்டின் குழந்தை உரிமைகள் உடன்படிக்கை தன் 31ஆவது உறுப்பில் பேசுகிறது. முதலாவதில் வரும் 'சமூகத்தின் வளத்துக்காகவும்' என்ற பகுதியை விண்ணப்பத்தில் விட்டுவிடக் கூடாது. 'பாவம், அவர்களுக்கும் ஒரு பொழுதுபோக்கு வேண்டாமா' என்ற தொனியில் எழுதப்படும் விண்ணப்பம், திட்டம் தொடங்குமுன்பே பங்கேற்பாளர்களைப் பெறுபவர்களாக மட்டும் ஆக்கிவிடுகிறது.

கலந்த குழுவா, தனிக்குழுவா என்பதையும் இந்தக் கட்டத்திலேயே முடிவு செய்ய வேண்டும். பொதுவாகக் கலந்த குழுவே நல்லது. எனினும் வன்முறையிலிருந்து மீண்ட பெண்கள், சைகை மொழியிலேயே தங்களுக்குள் பேசிக்கொள்ள விரும்பும் காது கேளாதோர் போன்றவர்கள் முதலில் தமக்குள் கூடி, பிறகு விரும்பினால் மற்றவர்களோடு சேர்வது நியாயமான தேர்வு. அதை அவர்களே முடிவு செய்ய வேண்டும். நிர்வாக வசதிக்காக அமைப்பாளர் பிரித்துவைத்தால் அது ஒதுக்குதலே.

இரண்டு வழிநடத்துநர்கள் இருந்தால் 15 முதல் 25 பேர் வரை ஒரு குழுவில் தாங்கும். வாரம் ஒருமுறை, இடைவேளை உட்பட 90 நிமிடங்கள், பத்துப் பன்னிரண்டு வாரங்கள் என்ற அளவில் தொடங்கலாம். துணைக்கு வரும் பெற்றோரும் பராமரிப்பாளர்களும் சுவரோரம் அமர்ந்து கைப்பேசி பார்ப்பதற்குப் பதிலாக வட்டத்துக்குள் வர வேண்டும். இல்லையெனில் உதவி பெறுபவர், உதவி செய்பவர், பார்வையாளர் என்று கூடம் மூன்றாகப் பிரிந்துவிடும்.

செலவுத் திட்டத்தில் சைகை மொழிபெயர்ப்பாளர், போக்குவரத்து, குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவர் ஆகியோருக்கான தொகையை முதல் வரிகளில் எழுதிவிட்டு, ஒலிபெருக்கியையும் உடைகளையும் பின்னால் எழுதுவது நல்லது. மிஞ்சும் பணத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்கப்படும் செலவுகளுக்குப் பணம் மிஞ்சுவதில்லை.

இடம், ஒலி, ஒளி

சக்கர நாற்காலி தடையின்றி நுழைய வாசல் 90 சென்டிமீட்டர் அகலமாவது இருப்பது நல்லது. அது முழு வட்டம் திரும்ப 150 சென்டிமீட்டர் விட்டமுள்ள வெற்றிடம் வேண்டும். சாய்தளத்தின் சரிவு 1:12 என்ற விகிதத்தை மீறக் கூடாது. அதாவது ஓர் அடி உயரம் ஏறப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். கூடத்தின் வாசலில் சாய்தளம் இருந்தும் மேடைக்கு இல்லாத கட்டடங்கள் ஏராளம். சக்கர நாற்காலியில் இருப்பவர் பார்வையாளராக வருவாரே தவிர ஆடுபவராக வரமாட்டார் என்று கட்டியவர்கள் நினைத்திருக்க வேண்டும். அத்தகைய இடத்தில் மேடையை விட்டுவிட்டுத் தரைமட்டத்திலேயே எல்லோரும் ஆடுவது, ஒருவரை மட்டும் தூக்கி ஏற்றுவதைவிட மேல். கழிப்பறையை நேரில் போய்ப் பார்க்க வேண்டும். பயன்படுத்தத்தக்க கழிப்பறை இல்லாத இடத்துக்கு வருபவர்கள் தண்ணீர் குடிப்பதைத் தவிர்ப்பார்கள். தண்ணீர் குடிக்காமல் 90 நிமிடம் ஆடுவது ஆபத்து.

தரை மரப்பலகையாகவும் அதன் அடியில் வெற்றிடம் உள்ளதாகவும் இருந்தால் மூட்டுகளுக்கு நல்லது. முரசின் அதிர்வும் அதன் வழியே பாதங்களை எட்டும். காங்கிரீட் தரையில் இரண்டும் கிடைக்காது. பார்வையற்றவர்களுக்காகத் தரையில் மெல்லிய கயிற்றைப் போட்டு அதன்மேல் ஒட்டுநாடாவை ஒட்டினால், ஆடும் எல்லையைக் காலால் உணரலாம்.

தாளக் கருவிகள் நிறைந்த மூடிய அறையில் ஒலி எளிதில் 100 டெசிபெலைத் தொடும். பணியிடங்களுக்காக வகுக்கப்பட்ட அளவுகோல்களுள் ஒன்று, 85 டெசிபெல் ஒலியை நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் வரை அனுமதித்து, ஒவ்வொரு 3 டெசிபெல் உயர்வுக்கும் அந்த நேரத்தைப் பாதியாகக் குறைக்கிறது. அந்தக் கணக்கில் 100 டெசிபெலுக்கு 15 நிமிடம்தான் மிஞ்சும். எனவே உரக்க வாசிக்கும் பகுதிகளைச் சுருக்கமாக வைத்து, காது மூடிகளைக் கேட்காமலேயே எடுத்துக்கொள்ளும்படி வாசலில் வைத்துவிட வேண்டும். ஒளியைப் பொறுத்தவரை, நொடிக்கு 3 முதல் 30 முறை வரை மின்னும் விளக்குகள் ஒளியால் தூண்டப்படும் வலிப்புநோய் உள்ளவர்களுக்கு ஆபத்தானவை. மேடை அழகுக்காகக்கூட அவை வேண்டாம். ஒலியும் கூட்டமும் தாங்காதபோது ஒதுங்கியிருக்க ஓர் அமைதியான அறை இருக்க வேண்டும். அங்கே போய்விட்டுத் திரும்பி வருவது எவருக்கும் இயல்பான செயல் என்பதை வழிநடத்துநரே ஒருமுறை போய் அமர்ந்து காட்டிவிட்டால் விளக்கம் தேவைப்படாது.

முதல் அமர்வு

'யாருக்கு இசை தெரியும்' என்று கேட்டு முதல் அமர்வைத் தொடங்கக் கூடாது. அந்த ஒரு கேள்வி அறையை இரண்டாகப் பிளந்துவிடும். எனக்குக் குரல் வராது, காதே மந்தம் என்று சொல்பவர்கள் எல்லாக் குழுவிலும் இருப்பார்கள். பிறவியிலேயே சுருதி வேறுபாட்டை உணர இயலாதவர்கள், 2017இல் வெளியான பெரிய ஆய்வொன்றின்படி, நூற்றுக்கு ஏறக்குறைய 1.5 பேர் மட்டுமே. ஏனையோரில் பலருக்கு வாய்ப்பும் பயிற்சியும்தான் கிடைக்காமற்போயிருக்கும்.

வட்டமாக அமர்ந்து, ஒவ்வொருவரும் தம் பெயரை ஒரு தாளத்தோடும் ஓர் அசைவோடும் சொல்ல, மற்றவர்கள் அதை அப்படியே திருப்பிச் செய்வது நல்ல தொடக்கம். பேச இயலாதவர் தட்டலாம், பதிவு செய்த குரலைப் பொத்தானை அழுத்தி ஒலிக்கச் செய்யலாம், கண்ணிமைக்கலாம். எது வந்தாலும் குழு அதைத் திருப்பிச் செய்ய வேண்டும். முதல் மூன்று நிமிடத்திலேயே ஒவ்வொருவரும் ஒருமுறை தலைமை தாங்கி, அறையிலிருந்த மற்ற அனைவரும் அவர் செய்ததைப் பின்பற்றியிருப்பார்கள்.

அடுத்ததாக, தாளத்தை வாயால் சொல்லும் அசைகளான சொற்கட்டு மிகவும் உதவும். தகிட என்று மூன்று, தகதிமி என்று நான்கு, தகதகிட என்று ஐந்து. கருவி வேண்டாம், எழுத்தறிவு வேண்டாம், முன்பயிற்சியும் வேண்டாம். பாதிப் பேர் தகிட என்றும் மீதிப் பேர் தகதிமி என்றும் ஒரே வேகத்தில் விடாமல் சொல்லிக்கொண்டு வந்தால், பன்னிரண்டு எண்ணிக்கையில் இரு சாராரும் மீண்டும் ஒரே இடத்தில் தொடங்குவார்கள். அவர்கள் நான்கு முறையும் இவர்கள் மூன்று முறையும் சொல்லியிருப்பார்கள். அந்தச் சந்திப்பு நேரும்போது வரும் சிரிப்பு, எந்த வரவேற்புரையைவிடவும் வேலை செய்யும். பிறகு 'நீங்களே ஐந்து எழுத்தில் ஒரு சொற்கட்டு உண்டாக்குங்கள்' என்று விட்டுவிடலாம். பொருளற்ற ஒலிகளானாலும் சரி, தங்கள் மொழியின் சொற்களானாலும் சரி. பல மொழி பேசுவோர் கலந்த குழுவில் இரண்டாவது வகை வியக்கத்தக்க வளம் தரும்.

பார்த்துக்கொண்டு மட்டும் இருப்பதும் பங்கேற்பே என்பதை முதல் நாளிலேயே வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். நான்கு வாரம் கதவருகே நின்றவர் ஐந்தாம் வாரம் வட்டத்துக்குள் வரக்கூடும். இரண்டாம் வாரமே கையைப் பிடித்து இழுத்தால் மூன்றாம் வாரம் வரமாட்டார். அன்றைய நிகழ்வுகளின் வரிசையைப் படங்களாகச் சுவரில் ஒட்டி, முடிந்ததை ஒவ்வொன்றாகத் திருப்பிவைப்பது ஆட்டிசம் உள்ளவர்களுக்குப் பெரிய நிம்மதி. அடுத்தது என்ன என்று தெரியாத பதற்றம் மற்றவர்களுக்கும்தான் இருக்கிறது. அவர்கள் அதைச் சொல்வதில்லை.

கட்டளை எப்படியோ அப்படியே அசைவு

'வலது காலைத் தூக்குங்கள்' என்று சொன்ன நொடியில் சிலர் வெளியேற்றப்பட்டுவிடுகிறார்கள். 'உடலின் ஏதாவதொரு பகுதி தரையை விட்டு எழட்டும்' என்று சொன்னால் ஒருவர் காலைத் தூக்குவார், ஒருவர் முழங்கையை, ஒருவர் புருவத்தை, மற்றொருவர் சக்கர நாற்காலியின் முன்சக்கரங்களை. இருபது பேரிடமிருந்து ஒரே அசைவைக் கேட்டவருக்கு அது அரைகுறையாகக் கிடைக்கும். வேகம், கனம், திசை, திடீரென நிற்றல், உருகி இறங்குதல் போன்ற தன்மைகளைக் கேட்டவருக்கு இருபது அசைவுகள் கிடைக்கும், அவை ஒவ்வொன்றும் முழுமையாக இருக்கும். அமைப்பாளர்கள் இதைச் சலுகை என்று நினைக்கிறார்கள். நடன அமைப்பாளரின் பார்வையில் பார்த்தால், இருபது அசைவுகள் உள்ள கூடத்தில்தான் தேர்ந்தெடுக்க ஏதாவது இருக்கிறது.

அமெரிக்க நடனக் கலைஞர் அலிட்டோ அலெஸ்ஸி 1987 முதல் வளர்த்துவந்த 'டான்ஸ் எபிலிட்டி' முறை, அறையில் இருக்கும் எல்லோருக்கும் பொதுவாக இயலும் அசைவு எது என்று முதலில் தேடி, அங்கிருந்து தொடங்குகிறது. சில குழுக்களில் அது மூச்சாக இருக்கலாம். சிலவற்றில் கண்களைத் திறந்து மூடுவதாக இருக்கலாம். அவ்வளவு சிறிய இடத்திலிருந்து நடனம் பிறக்குமா என்று ஐயப்படுபவர்கள், முப்பது பேர் ஒரே நேரத்தில் மெதுவாகக் கண்மூடித் திறப்பதை எதிரில் நின்று ஒருமுறை பார்க்க வேண்டும்.

எதிரெதிராக நின்று ஒருவர் அசைவை மற்றவர் கண்ணாடிபோல் திருப்பிச் செய்யும் பயிற்சி எங்கும் உண்டு. அதில் தலைமை மாறிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதும், உடலால் குறைவாக அசையக்கூடியவரே முதலில் தலைமை ஏற்க வேண்டும் என்பதும் முக்கியம். அப்போது மற்றவர் தம் வழக்கமான பெரிய அசைவுகளை விட்டுவிட்டு, ஒரு விரலின் நகர்வைக் கூர்ந்து கவனிக்கக் கற்கிறார். தொடுதல் உள்ள பயிற்சிகளில் ஒவ்வொரு முறையும் அனுமதி கேட்க வேண்டும். சக்கர நாற்காலி அதில் அமர்ந்திருப்பவரின் உடலைச் சேர்ந்தது. கேட்காமல் தள்ளுவது ஒருவரைக் கேட்காமல் இழுப்பதற்குச் சமம். 'நிறுத்து' என்பதற்கு எல்லோருக்கும் பொதுவான கைச்சைகை ஒன்றை முதல் நாளே முடிவு செய்துகொண்டால், பேச இயலாதவரும் எந்தப் பயிற்சியையும் நிறுத்த முடியும்.

முதியவர்களும் நடுக்கமுள்ளவர்களும் இருந்தால் நாற்காலியில் அமர்ந்து தொடங்கி, பிடித்துக்கொள்ள ஆதாரம் வைத்து நின்று, பிறகு கூடத்தில் நகரலாம். மார்க் மாரிஸ் நடனக் குழுவினர் 2001இல் நியூயார்க்கின் புரூக்ளினில் பார்க்கின்சன் நோயாளிகளுக்கென்று தொடங்கிய வகுப்புகள் இவ்வகையில் அமர்ந்தே தொடங்குகின்றன. அவற்றைக் குறித்து நினைவில் வைக்க வேண்டிய செய்தி, அங்கே வருபவர்கள் நோயாளிகளாக அல்லாமல் நடனம் பயில்பவர்களாகவே நடத்தப்படுகிறார்கள் என்பது.

இசைக்கு எளிய வழிகள்

ஜெர்மானிய இசையமைப்பாளர் கார்ல் ஓர்ஃபும் டொரோத்தே குன்தரும் 1924இல் மியூனிக்கில் நிறுவிய பள்ளியிலிருந்து கிளைத்த முறையில், பட்டைகளைக் கோலால் தட்டி வாசிக்கும் சைலஃபோன் போன்ற கருவிகளின் பட்டைகளைக் கழற்றி எடுக்க முடியும். மோகன ராகத்தின் ஐந்து சுரங்களுக்குரிய பட்டைகளை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றைக் கழற்றிவிட்டால், யார் எப்போது எதைத் தட்டினாலும் உரசல் தோன்றாது. அந்தச் சுரங்களுக்கிடையே அரைச்சுர நெருக்கம் இல்லாததே காரணம். முதல் நாள் வந்தவரும் பத்தாண்டு பயின்றவரும் ஒன்றாக, உடனடியாக வாசிக்கலாம். ஆனால் பல வாரங்கள் அங்கேயே நின்றுவிடக் கூடாது. எதைத் தட்டினாலும் அழகாகவே இருக்கும் என்றால், எதைத் தட்டுவது என்ற தேர்வுக்கு அர்த்தமில்லாமல் போகும். மூன்றாம் நான்காம் வாரத்தில் கழற்றிய பட்டைகளில் ஒன்றைத் திரும்ப மாட்டி, அது எங்கே வர வேண்டும், எங்கே வரக்கூடாது என்று குழுவையே முடிவு செய்யச் சொல்ல வேண்டும். படைப்பு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

காது கேளாதவர்களுக்கு இசைத் திட்டத்தில் என்ன வேலை என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த தாளவாத்தியக் கலைஞர் எவலின் கிளெனி, பன்னிரண்டு வயதுக்குள் கேட்கும் திறனை மிகப் பெரிதும் இழந்தவர். அதிர்வுகளைக் காலால் உணர்வதற்காக வெறுங்காலோடு வாசிக்கிறார். வெனிசுவேலாவின் பார்கிசிமேட்டோ நகரில் உருவான 'வெள்ளைக் கைகள்' பாடகர் குழுவில், பாடுவோர் ஒருபுறம் பாட, காது கேளாத குழந்தைகளும் இளைஞர்களும் வெள்ளைக் கையுறை அணிந்த கைகளால் அதே இசையை நிகழ்த்துகிறார்கள். நடைமுறையில், ஊதிய பலூன் ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டால் அறையின் அதிர்வுகள் கைகளுக்கும் மார்புக்கும் வந்துசேரும். கனத்த முரசுகள் மரத்தரை வழியே பேசும். தொடங்கவும் நிறுத்தவும் ஒலிக்குறிப்புக்குப் பதில் கைச்சைகையையோ விளக்கையோ பயன்படுத்தலாம்.

வாசிப்பவரை நெறிப்படுத்தும் கைச்சைகைகளுக்கு முழு மொழியே இருக்கிறது. இசையமைப்பாளர் வால்டர் தாம்சன் 1974இல் அமெரிக்காவின் வுட்ஸ்டாக்கில் உருவாக்கத் தொடங்கிய 'சவுண்ட்பெயின்டிங்', யார், என்ன, எப்படி, எப்போது என்ற வரிசையில் சைகை செய்து, இசைக் கலைஞர்களையும் நடனக் கலைஞர்களையும் கொண்டு அந்த இடத்திலேயே படைப்பை உருவாக்கும் முறை. சமூகக் குழுவுக்கு அதன் நூற்றுக்கணக்கான சைகைகளும் தேவையில்லை. எல்லோரும், நீங்கள் மட்டும், நீண்ட ஒலி, சிறு ஒலி, மெதுவாக, உரக்க, நிறுத்து என ஏழெட்டு போதும். சிலவற்றைக் குழுவே கண்டுபிடிக்கலாம். அதன்பின் ஒவ்வொருவரும் மாறிமாறி நடுவில் வந்து இரண்டு நிமிடம் நெறிப்படுத்த வேண்டும். பேச்சே இல்லாத ஒருவர் இருபது பேரின் ஒலியை ஒரு கையசைவில் நிறுத்துவதைப் பார்த்த பிறகு, அவரைப் பற்றிய குழுவின் எண்ணம் பழையபடி இருப்பதில்லை.

படைப்பு உருவாகும் வாரங்கள்

ஐந்தாம் வாரம் வாக்கில் ஒலிகளும் அசைவுகளுமாகப் படைப்புக்கான விதைகள் ஏராளமாகச் சேர்ந்திருக்கும். எவற்றைக் கொண்டு என்ன செய்வது என்ற கேள்வி எழும். பலரும் வாக்கெடுப்பை நாடுகிறார்கள். வாக்கெடுப்பில் ஒரே சிலர் திரும்பத் திரும்பத் தோற்பார்கள். அவர்கள் யாரென்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். அதைவிட, நான்கைந்து பேர் கொண்ட சிறு குழுக்களாகப் பிரிந்து, ஒவ்வொரு குழுவும் ஒரு பகுதியை முழு உரிமையோடு உருவாக்கி, பகுதிகளை இணைக்கும் இடங்களை மட்டும் எல்லோரும் சேர்ந்து தீர்மானிப்பது நல்லது. தொடக்கத்துக்கு இறுக்கமான வரையறை ஒன்று கொடுப்பது உதவும்: மூன்று ஒலிகள், ஓர் அமைதி, இடம்விட்டு இடம் ஒரே ஒரு நகர்வு, மொத்தம் ஒரு நிமிடம். 'உங்கள் விருப்பம்போல் எதையாவது செய்யுங்கள்' என்று விட்டால் பயின்றவர்கள் முந்திக்கொள்வார்கள், மற்றவர்கள் அவர்களைப் பார்த்துச் செய்வார்கள்.

பயின்றவர்களுக்குத் தனிக் கட்டுப்பாடு விதிப்பதில் தவறில்லை. வயலின் கலைஞரை ஒரே சுரத்தில் மட்டும் வாசிக்கச் சொல்லலாம். நடனம் தேர்ந்தவரை முதுகால் மட்டும் ஆடச் சொல்லலாம். அவர்களுக்கு அது சலிப்பூட்டும் என்று அஞ்ச வேண்டாம். பழகிய அடவுகளுக்கு வெளியே தள்ளப்படுவதையே அவர்களில் பலர் வெகுநாளாகத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

பேச்சில் தெரிவிக்க முடியாதவரிடம் இரண்டு படங்களையோ இரண்டு கருவிகளையோ காட்டித் தேர்ந்தெடுக்கச் சொல்லலாம். பதிலுக்குக் காத்திருக்கும் நேரம்தான் இங்கே பெரும்பாலும் தவறிப்போகிறது. கேள்வியைத் திரும்பக் கேட்பதற்கு முன் மனத்துக்குள் பத்து வரை எண்ண வேண்டும். பராமரிப்பாளர் 'அவளுக்கு இதுதான் பிடிக்கும்' என்று நல்லெண்ணத்தோடு முந்திக்கொள்வதையும் அன்போடு தடுக்க வேண்டியிருக்கும்.

இக்கட்டத்தில் ஒரு குறிப்பேடு மிக அவசியம். படைப்பின் ஒவ்வொரு பகுதிக்கும் எதிரே, அது யாருடைய யோசனையிலிருந்து வந்தது என்று எழுதிக்கொண்டே வர வேண்டும். ஆறாம் வாரம் அதைப் புரட்டினால் யாருடைய பெயர் ஒருமுறைகூட வரவில்லை என்பது தெரிந்துவிடும். அந்தப் பெயருக்குரியவரை அடுத்த வாரம் முதலில் நெறிப்படுத்த அழைக்கலாம், அல்லது வெகுநாளாக அவர் செய்துவரும், யாரும் கவனிக்காத ஏதாவதொரு சிறு பழக்கத்தைப் படைப்பின் கருவாக எடுத்துக்கொள்ளலாமா என்று அவரிடமே கேட்கலாம். விரல்களை மேசையில் தட்டிக்கொண்டே இருப்பவரின் அந்தத் தட்டல், பலமுறை குழுவின் மையத் தாளமாகியிருக்கிறது.

தரம் என்ற சொல்லைக் கண்டு சமூகக் கலைத் திட்டங்களில் சிலர் ஒதுங்குகிறார்கள். தேவையில்லை. 2003இல் பெர்லினில் நடன அமைப்பாளர் ராய்ஸ்டன் மால்டூம், சைமன் ராட்டில் நடத்திய பெர்லின் பில்ஹார்மோனிக் இசைக்குழுவோடு, இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியின் இசைக்குச் சுமார் 250 சிறுவர்களையும் இளைஞர்களையும் ஆடவைத்தார். அவர்களில் பலருக்கு முன்பயிற்சியே இல்லை. அவர் ஒழுங்கையும் அமைதியையும் கடுமையாகவே கேட்டார், அவர்களும் கொடுத்தார்கள். அந்த முறையில் அமைப்பின் பெரும்பகுதி அவருடையது என்பதால் இங்கே சொல்லப்படும் வழியிலிருந்து அது வேறுபட்டது. எனினும் குறைவாக எதிர்பார்ப்பதும் ஒருவகை ஒதுக்குதலே என்பதற்கு அது நல்ல சான்று. 1991இல் செலஸ்டே டான்டேக்கரும் ஆடம் பெஞ்சமினும் பிரிட்டனில் நிறுவிய காண்டோகோ குழு, உடல் குறைபாடு உள்ளவர்களும் இல்லாதவர்களும் சேர்ந்து ஆடும் தொழில்முறைக் குழு. வெளியிலிருந்து அழைக்கப்படும் நடன அமைப்பாளர்கள் பலர் அதற்குப் படைப்புகளை அமைத்திருக்கிறார்கள். ஆகவே பத்தாம் வாரத்தில் 'இந்த இடம் இன்னும் தெளிவாக இல்லை, மறுபடி செய்வோம்' என்று சொல்ல வழிநடத்துநர் தயங்கக் கூடாது. தம் ரசனைக்காகச் சொல்கிறாரா, குழு தேர்ந்தெடுத்தது தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறாரா என்பதை மட்டும் அவர் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நிகழ்த்துவதும் அதற்குப் பிறகும்

மேடையேற்றம் கட்டாயமில்லை. சில குழுக்களுக்குக் கதவைத் திறந்துவைத்து ஐம்பது பேரோடு பகிர்ந்துகொள்வது போதும். சிலவற்றுக்கு ஒலிப்பதிவே போதும். மேடையேற்றினால் பார்வையாளர்கள் எழுந்து நடக்கவும் ஒலி எழுப்பவும் அனுமதியுள்ள நிகழ்ச்சியாக, அரங்க விளக்குகளை முழுதும் அணைக்காமல் நடத்துவது நல்லது. நிகழ்ச்சிக்கு முன் பார்வையற்றவர்கள் கருவிகளையும் உடைகளையும் தொட்டுப் பார்க்கலாம். 'இவர்கள் இவ்வளவு குறைகளையும் தாண்டி' என்று தொடங்கும் அறிமுக உரையை எந்த விருந்தினர் வந்தாலும் அனுமதிக்க வேண்டாம். பங்கேற்பாளர் ஒருவர் படைப்பைப் பற்றி மூன்று வரி சொன்னால் போதும். நிகழ்ச்சித் தாளில் படைப்பாளர்களாக அனைவரின் பெயரும் அகரவரிசையில் வர வேண்டும். புகைப்படத்துக்கும் காணொளிக்கும் தனித்தனியே எழுத்துவழி ஒப்புதல் பெற்று, பின்னர் மனம் மாறினால் திரும்பப் பெறலாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். குழந்தைகள் உள்ள குழுவில் எந்தப் பெரியவரும் ஒரு குழந்தையோடு தனியே இருக்காதபடி பார்த்துக்கொள்வது எல்லா வாரத்துக்கும் பொருந்தும் விதி.

கைதட்டலைக் கொண்டு திட்டத்தை மதிப்பிட முடியாது. பார்வையாளர்களில் பெரும்பாலோர் உறவினர்கள். யார் இடையில் வருவதை நிறுத்தினார்கள், ஏன் நிறுத்தினார்கள் என்பதைத் தொலைபேசியில் கேட்டறிவது அதிகம் சொல்லித்தரும். பேருந்து நேரம் மாறியதா, யாராவது ஏதாவது சொன்னார்களா, சலிப்பா என்று கேட்க வேண்டும்; அவர்கள் வருவதை நிறுத்திய வாரத்தின் குறிப்பேட்டுப் பக்கத்தையும் எதிரே திறந்து வைத்துக்கொள்ள வேண்டும். உருவான பாட்டுக்கும் நடனத்துக்கும் உரிமையாளர்கள் குழுவினர் என்பதையும், வேறெங்கும் பயன்படுத்தினாலோ வருமானம் வந்தாலோ என்ன செய்வது என்பதையும் ஒரு பக்கத்தில் எழுதி எல்லோரும் ஒப்பமிடலாம். பன்னிரண்டு வாரம் முடிந்ததும் திடீரென்று கதவைச் சாத்துவது, தனிமையில் இருந்தவர்களை முன்பைவிட மோசமான தனிமையில் விடக்கூடும். எனவே எட்டாம் வாரத்திலேயே அடுத்து என்ன என்ற பேச்சைத் தொடங்கி, பங்கேற்பாளர்களில் இருவர் மூவரை உதவி வழிநடத்துநர்களாகப் பயிற்றுவித்து, அடுத்த சுற்றின் முதல் அமர்வை ஊதியத்தோடு அவர்களிடமே ஒப்படைக்க வேண்டும்.